மாமாவும் ஒன்பது மில்லிமீட்டரும்

டிஸ்கி: இது துப்பாக்கி வாங்கச் சொல்ற பதிவும் இல்ல, வாங்காதீங்கன்னு சொல்ற பதிவும் இல்ல. பொட்டி தட்டிப் பொழைக்கிற ஒருத்தன் தெரியாத சப்ஜெக்ட்ல தலையை விட்ட கதை. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க மக்களே.

போன வருஷம் பிப்ரவரி. ராத்திரி பன்னண்டரை மணிக்கு ஹூஸ்டன்ல இருந்து அத்தை போன். அந்த நேரத்துக்கு போன் வந்தாலே வயித்துல புளியைக் கரைக்கும். மாமா கடையில திருட்டு. துப்பாக்கியோட வந்தவன் கல்லாவைத் திறக்கச் சொல்லிருக்கான். மாமா கை நடுங்கினதுல லேட் ஆகிருக்கு. துப்பாக்கிக் கட்டையாலயே நெத்தியில ஒரு போடு. ஏழு தையல். போனது முன்னூத்திச் சொச்சம் டாலரும் ரெண்டு பண்டல் சிகரெட்டும்.

மாமான்னா அம்மாவோட ஒன்னு விட்ட தம்பி. சொந்த ஊர் கோவில்பட்டி. முப்பது வருஷமா டெக்சாஸ்ல, ஊருக்கு வெளிய ஒரு கேஸ் ஸ்டேஷன் வச்சிருக்கார். நம்ம ஊர் பெட்ரோல் பங்க்கையும் பெட்டிக்கடையையும் ஒண்ணாச் சேர்த்தா என்ன வருமோ அது. நான் அமெரிக்கா வந்த புதுசுல மூணு மாசம் அவர் வீட்லதான் சோறு. அதனால அவர் எது கேட்டாலும் மாட்டேன்னு சொல்ற நிலைமையில நான் இல்ல.

மூணாவது நாள் அவரே கூப்பிட்டார்.

"மாப்ளே, ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். கடைக்குப் போனேன். என்ன கேலிபர் வேணும்னு கேக்கான். அது என்னல கேலிபர்? சட்டை சைஸ் மாதிரியா? அங்க நின்ன மூணு பேரு மூணு விதமாச் சொல்லுதான். நீ இஞ்சினியர்லா, படிச்சுப் பாத்து எது நல்லதுன்னு சொல்லு."

நான் படிச்சது மெக்கானிக்கல். பாக்குற வேலை ஜாவா. பட்டம் வாங்கின நாள்ல இருந்து நியூட்டன் எனக்கும் சோறு போட்டதில்ல, நானும் அவரைத் தொந்தரவு பண்ணினதில்ல. இதுல இன்னொரு கூத்து, நான் எச்-1பி ஆசாமி. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இல்லாம எங்க ஜாதி விசாக்காரன் துப்பாக்கியைக் கையில வச்சிருந்தாலே ஃபெடரல் குற்றம். மாமா சிட்டிசன், அவருக்குப் பிரச்னையில்ல. அதாவது நீச்சல் தெரியாதவன்கிட்ட, தண்ணியைத் தொடாமலே, எந்தக் கிணறு நல்லதுன்னு பாத்துச் சொல்லச் சொல்றாங்க.

சரின்னு எக்செல்லைத் திறந்தேன். (வேற என்ன தெரியும் நமக்கு?)

கேலிபர்ங்கறது சுருக்கமா சொன்னா குண்டோட விட்டம். .45ன்னா அங்குலத்துல நூத்துல நாப்பத்தஞ்சு பங்கு, சுமார் 11.5 மில்லிமீட்டர். .40ன்னா பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. 9 மி.மீ.ன்னா 9 மி.மீ. இதுவரைக்கும் ஒழுங்கு. அப்புறம் பாத்தா .380ங்கிற குண்டும் அதே 9 மி.மீ. விட்டம்தான், தோட்டாவோட வெளிக்கூடு நீளம் மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் கம்மி. .38 ஸ்பெஷல்னு ஒண்ணு, அளந்தா .357தான் வருது. பழைய காலத்துல குண்டை அளக்காம வெளிக்கூட்டை அளந்து வச்ச பேராம், அப்படியே ஒட்டிக்கிச்சு. நாம எழுதுற கோட்ல வேரியபிள் பேரு வைக்கிற மாதிரிதான் இவங்களும் பேரு வச்சிருக்காங்கன்னு ஒரு ஆறுதல்.

மாமா சொன்ன அந்த மூணு பேர் சண்டை நூறு வருஷத்துக்கு மேலப்பட்ட சண்டை. பிலிப்பைன்ஸ்ல சண்டை போட்ட அமெரிக்கப் பட்டாளம், கையில இருந்த .38 ரிவால்வர் ஆளை நிறுத்தலைன்னு புகார் பண்ணிச்சு. 1904-ல சிகாகோ பக்கம் மாட்டுத்தொட்டியில உயிரோட இருந்த மாடுகளையும், தனியா மனுஷப் பிணங்களையும் சுட்டுச் சுட்டுப் பாத்து (படிக்கும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு) .45தான் வேணும்னு ரெண்டு அதிகாரிங்க எழுதிக் கொடுத்தாங்க. 1911-ல .45 பிஸ்டல் பட்டாளத்துக்கு வந்துச்சு. 1985-ல அதைத் தூக்கிட்டு 9 மி.மீ.க்கு மாறினாங்க. .45 கட்சிக்காரங்க இன்னமும் அதை மன்னிக்கல. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஃபிசிக்ஸ் பிடிக்காதவங்க ரெண்டு பாரா தாண்டிக்கலாம்.

சாதாரண 9 மி.மீ. குண்டு எட்டு கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டர் பக்கம். .45 குண்டு பதினஞ்சு கிராம், வேகம் 260 பக்கம். அரை எம் வி ஸ்கொயர் போட்டா ரெண்டுமே ஐநூறு ஜூல் ஒட்டி வருது. ஆமா, கிட்டத்தட்ட சமம்! .40 ஐநூத்தி நாப்பது. .380 மட்டும் இருநூத்தி அறுபது, பாதிதான்.

"எனர்ஜி கிடக்கட்டும், .45 ஆளையே தூக்கி அடிக்கும்"னு ஒரு கூட்டம் சொல்லும். நம்ம சினிமாவிலயும் ஒரு குண்டுக்கு வில்லன் கண்ணாடியை உடைச்சுக்கிட்டுப் பறப்பார். சரி, உந்தம் போட்டுப் பாத்தேன். .45-க்கு சுமார் 3.9. அப்புறம் சும்மா ஒரு கிரிக்கெட் பந்துக்குப் போட்டேன். 160 கிராம், மணிக்கு 140 கிலோமீட்டர். 6.2 வருது! குண்டு ஆளைத் தூக்கி அடிக்கும்னா, ஷார்ட் பால் நெஞ்சுல வாங்கின பேட்ஸ்மேன் எல்லாம் பெவிலியன்லதான் போய் விழணும். அது போக, நியூட்டன் மூணாவது விதிப்படி சுடறவனும் அதே அளவு பின்னாடி வாங்கணும். அவன் நிக்கிறான்ல?

அப்ப கைத்துப்பாக்கி குண்டு என்னதான் செய்யுது? எஃப்.பி.ஐ. 1989-ல ஒரு அறிக்கை போட்டிருக்காங்க. அதோட சாரம்: இந்த வேகத்துல போற குண்டு ஓட்டை போடும், அவ்வளவுதான். அந்த ஓட்டை எங்க போகுது, எவ்வளவு ஆழம் போகுதுங்கறதுதான் விஷயம்.

அந்த அறிக்கை வந்ததுக்குப் பின்னாடி ஒரு சம்பவம் இருக்கு. 1986 ஏப்ரல் 11, மயாமி. பேங்க் கொள்ளைக்காரங்க ரெண்டு பேரை எஃப்.பி.ஐ. ஆளுங்க எட்டு பேர் மடக்கினாங்க. அஞ்சு நிமிஷம் கூட நடக்காத சண்டை. ரெண்டு ஏஜெண்ட் செத்தாங்க, அஞ்சு பேருக்குக் காயம். சண்டை ஆரம்பத்துலயே கொள்ளைக்காரன் ஒருத்தன் மேல 9 மி.மீ. குண்டு ஒண்ணு பாஞ்சிருக்கு. கையைத் துளைச்சு, நெஞ்சுக்குள்ள போய், இதயத்துக்கு ஒரு அங்குலம் முன்னாடி நின்னுபோச்சு. பிழைக்க முடியாத காயம்தான், ஆனா அவன் உடனே விழல. அதுக்கப்புறமும் சுட்டுக்கிட்டே இருந்திருக்கான்.

அந்த ஒரு அங்குலம்தான் அடுத்த முப்பது வருஷத்து வியாபாரம். ஜெலட்டின் கட்டியில சுட்டா பன்னண்டுல இருந்து பதினெட்டு அங்குலம் குண்டு போகணும்னு எஃப்.பி.ஐ. அளவு வச்சுது. முதல்ல 10 மி.மீ.க்குப் போனாங்க, அது நிறைய பேர் கைக்கு ஜாஸ்தி. 1990-ல அதைக் குறைச்ச மாதிரி .40 வந்துச்சு, ஊர் உலகத்து போலீஸ் எல்லாம் அதுக்கு மாறிச்சு. அப்புறம் 2014-ல எஃப்.பி.ஐ.யே சொல்லிட்டாங்க: இப்ப வர்ற நல்ல 9 மி.மீ. குண்டுக்கும் மத்ததுக்கும் காயத்துல பெருசா வித்தியாசமில்ல, 9-ல உதைப்பு கம்மி, ஆளுங்க குறி தப்பாம சுடறாங்க, தோட்டாவும் நிறையப் பிடிக்கும்னு. சுத்திச் சுத்திக் கிளம்பின இடத்துக்கே வந்தாச்சு.

நல்ல குண்டுன்னா தலையில குழி வச்ச ஹாலோ பாயின்ட். உள்ள போனதும் பூ மாதிரி விரியும். ஓட்டை பெருசாகும், ஆளைத் தாண்டி அந்தப் பக்கம் போறதும் குறையும். இந்த மாதிரி விரியற குண்டுக்கு பழைய பேரு தம் தம். ஆமா, நம்ம கல்கத்தா தம் தம்தான், ஏர்போர்ட் இருக்கே அதே இடம். அங்க இருந்த வெள்ளைக்காரன் ஆயுதத் தொழிற்சாலையிலதான் 1890-கள்ல செஞ்சாங்க. 1899-ல ஹேக் மாநாட்டுல, போர்ல இது கூடாதுன்னு தடை போட்டாங்க. போர்க்களத்துல கூடாதது பலசரக்குக் கடைக்குச் சரியான சாமான். காரணமும் நியாயமாத்தான் இருக்கு: கடையில எதிராளிக்குப் பின்னாடி வேற யாராவது நிப்பாங்க. இந்த வரியைப் படிச்சப்ப ஏதோ உறுத்துச்சு. ஆனா எக்செல்ல அதுக்கு காலம் போடல. அதை அப்புறம் சொல்றேன்.

மாமாகிட்ட போன்ல ஒப்பிச்சேன். "9 மி.மீ. எடுங்க மாமா. தோட்டா .45-ஐ விட விலை கம்மி, நிறைய சுட்டுப் பழகலாம்."

"மாப்ளே, எங்கிட்ட ஒருத்தன் சின்னதா .380 காமிச்சான். பைக்குள்ளயே கிடக்கும். குண்டும் சின்னதுங்கான். எனக்கு மணிக்கட்டு வலிலா, அதுதான தோதா இருக்கும்?"

முப்பது வருஷமா தண்ணி பாட்டில் கேஸ் தூக்கித் தூக்கி அவருக்கு வலது மணிக்கட்டும் கட்டைவிரலும் போயிடுச்சு. அவர் சொல்றது நியாயமாப் பட்டுச்சு. ஆனாலும் போட்டுப் பாத்தேன். பாக்கெட் சைஸ் .380 துப்பாக்கி வெறும் 270 கிராம். நடுத்தர சைஸ் 9 மி.மீ. 670 கிராம். உதைப்பு கணக்கு, வெடிமருந்து வாயுவை விட்டுட்டா, உந்தத்தோட ஸ்கொயரை ரெண்டு மடங்கு துப்பாக்கி எடையால வகுக்கணும். ரெண்டுக்கும் ஆறு ஜூல் பக்கம் வருது! பாதி பலம் உள்ள குண்டு, அதே உதை. 9 மி.மீ.யை விடக் கொஞ்சம் கனமான துப்பாக்கியில .45 போட்டாலும் பத்து ஜூல் பக்கம். குட்டி ரிவால்வரும் லேசா இருந்தா இதே கதைதான், அதுல அஞ்சே தோட்டா, விசையும் கெட்டி.

எஞ்சினியரிங் முடிச்ச பிறகு நான் போட்ட முதல் உருப்படியான கணக்கு இதுதான்னு நினைக்கிறேன். பெருமையாத்தான் இருந்துச்சு.

ஒரு சனிக்கிழமை கிளம்பி ஹூஸ்டன் போனேன். ரேஞ்சுல மாமா உள்ள, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காதுல பெரிய மஃப். .45-ஐ ரெண்டு ரவுண்டு சுட்டுட்டு வச்சுட்டார். .40 வெடுக்குன்னு மேல எகிறுச்சு. குட்டி .380-ஐச் சுட்டுட்டு கையை உதறிக்கிட்டே என்னைப் பாத்தார், "நீ சொன்னது சரிதாம்ல"ங்கற மாதிரி. 9 மி.மீ.யிலயும் ஒரு சிக்கல் வந்துச்சு, அது என் எக்செல்ல இல்லாதது. ஸ்லைடைப் பின்னாடி இழுக்க அவர் கட்டைவிரல் ஒத்துழைக்கல. ரேஞ்சுல இருந்த அம்மணி ஒண்ணு, ஸ்லைடு லேசா வர்ற மாதிரி செஞ்ச ஒரு 9 மி.மீ. மாடலைக் கொண்டுவந்து கொடுத்துச்சு. எட்டு தோட்டா. அதுதான் முடிவாச்சு. கடையில ஃபாரம் நிரப்பி, கம்ப்யூட்டர்ல ஆள் யாருன்னு சரிபாத்து, அன்னைக்கே கையில கொடுத்துட்டாங்க. அதைவிட எனக்கு இங்க செல்போன் கனெக்‌ஷன் வாங்கறது கஷ்டமா இருந்துச்சு.

டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து, 21 வயசு ஆகி வேற சட்டத் தடை எதுவும் இல்லைன்னா லைசென்ஸ் இல்லாமலே இடுப்புல வச்சுக்கலாம். ஆனாலும் மாமா லைசென்ஸ் வகுப்புக்குப் போனார். கடைசியில அம்பது ரவுண்டு பரீட்சை, மூணு, ஏழு, பதினஞ்சு கஜத்துல. அதுக்காக மறுபடி ரேஞ்சுக்குப் பழகப் போனப்ப நானும் கூட இருந்தேன். அம்பது சுட்டார். பேப்பரைக் கொண்டுவந்து கார் பானட் மேல விரிச்சு, சின்னப்புள்ளை மாதிரி எண்ணினோம். முப்பத்தி ஒண்ணு.

"பரவால்லலா?"ன்னார்.

"சூப்பர் மாமா"ன்னேன்.

திரும்பி வரும்போது கார்ல எனக்குப் பொறி தட்டுச்சு. மிச்சம் பத்தொன்பது எங்க போச்சு?

ரேஞ்சுல மண்மேட்டுக்குள்ள போச்சு. கடையில? நேரா அவர் கடைக்குத்தான் போனோம். கல்லாவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். நேர் எதிர்ல வாசல் கண்ணாடிக் கதவு. அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணாம் நம்பர் பம்ப், ஒரு பொம்பளை பெட்ரோல் போட்டுக்கிட்டு இருந்தாங்க, பின் சீட்ல குழந்தை. வலது பக்கம் ஐஸ் ஜூஸ் மெஷின். ஸ்கூல் விட்டா மூணரை மணிக்கு அந்த மெஷின் முன்னாடி பத்து வாண்டுங்க நிக்கும். எஃப்.பி.ஐ.யோட அந்த 2014 பேப்பர்லயே ஒரு வரி இருக்கு: நிஜச் சண்டையில போலீஸ்காரங்க சுடற குண்டுல 70-ல இருந்து 80 சதவீதம் தப்பித்தான் போகுதுன்னு. அவங்களுக்கு அதுதான் வேலை. மாமாவுக்கு வயசு அம்பத்தெட்டு, கை நடுங்கும்.

ரெண்டு வாரமா நான் கேட்டது எல்லாம், பட்ட குண்டு என்ன செய்யும்ங்கற கேள்வி. படாத குண்டுக்கு என் எக்செல்ல இடமே இல்ல.

மாமாகிட்ட சொன்னேன். அவர் கோபப்படல. ரொம்ப நேரம் அந்த ஜூஸ் மெஷினையே பாத்துக்கிட்டு இருந்தார். அடுத்த வாரம் அதைத் தூக்கிப் பின்பக்கச் சுவர் ஓரமா மாத்திட்டார். கல்லாவுல அம்பது டாலருக்கு மேல இல்லாத மாதிரி, பணம் போட மட்டும் முடியற, எடுக்க முடியாத பெட்டி ஒண்ணு வாங்கிப் பதிச்சார். கடை நேரத்தைப் பத்து மணியோட நிறுத்தினார். இதெல்லாம் துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம். ரெண்டு பேருக்கும் தோணல. நான் ஜூலைக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

அத்தைக்கு ஆரம்பத்துல இருந்தே இஷ்டமில்ல. ஒரு நாள் எனக்கு தோசை வார்த்துப் போட்டுக்கிட்டே, என் முகத்தைப் பாக்காம, "நீ படிச்ச புள்ள. நீ சொன்னேன்னுதான் வாங்குனாவ"ன்னாங்க. சட்னி இறங்கல எனக்கு. "நான் எதுன்னுதான் சொன்னேன் அத்தை, வாங்குங்கன்னு சொல்லல"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. உண்மையில மாமா என்கிட்ட கேட்டப்ப, "எது"ங்கற கேள்விக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்குன்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? தெரியும். ஆனா அதுக்கு எக்செல் உதவாது. பதில் சொல்ல முடியாத கேள்வியை விட்டுட்டு, கணக்கு வர்ற கேள்வியை எடுத்துக்கிட்டேன். ஆபீஸ்லயும் அதைத்தானே செய்றோம்.

அக்டோபர்ல ஒரு ராத்திரி மாமா கூப்பிட்டார். இந்தத் தடவை பத்தேகால் மணி. குரல் சரியில்ல.

கடை மூடற நேரம். தலையை மூடின ஹூடி போட்ட பையன் ஒருத்தன் உள்ள வந்திருக்கான். ரெண்டு கையும் முன் பாக்கெட்டுக்குள்ள. கல்லா முன்னாடி வந்து நின்னு, பேசாம, உள்ள எதையோ துழாவிருக்கான். மாமா கை இடுப்புக்குப் போயிடுச்சு. சட்டையை விலக்கி, பிடியைப் பிடிச்சுட்டார். பையன் பாக்கெட்ல இருந்து ஒரு சாக்ஸை எடுத்துக் கல்லா மேல கொட்டிருக்கான். பூரா சில்லறை. எண்ணிப் பாத்து ஆறு டாலருக்கு பெட்ரோல் போடச் சொல்லிருக்கான். வெளிய கார்ல அவங்கம்மா.

"பதினாறு வயசுகூட இருக்காதுல. மீசை முளைக்கல. நான் சில்லறையை எண்ணுதேன், கை நடுங்குது. அவன் பாத்துட்டு, ஆர் யூ ஓகே சார்ங்கான்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

"வெளிய எடுத்திருந்தேன்னா மாப்ளே?"

எனக்குப் பதில் தெரியல. "எடுக்கலைல்ல மாமா, விடுங்க"ன்னேன். அது பதில் இல்லைன்னு அவருக்கும் தெரியும்.

மறுநாள் அவர் அதைக் கழட்டி வச்சிருப்பார்னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். இல்ல. இன்னமும் வச்சிருக்கார். "நெத்தித் தழும்பு கண்ணாடியில தெனமும் தெரியுதுல"ன்னார். மாசம் ஒரு தடவை ரேஞ்சுக்குப் போறார். போன வாரம் அம்பதுக்கு நாப்பத்தி நாலு. எனக்கு வாட்ஸப்ல பேப்பரைப் படம் எடுத்து அனுப்பினார். நான் கட்டைவிரல் போட்டேன். அப்புறம் மிச்சம் ஆறையும் மனசுக்குள்ள எண்ணினேன். அது இப்ப பழக்கமாயிடுச்சு.

யாராவது என்கிட்ட "தினமும் இடுப்புல வச்சுக்க எந்தக் கேலிபர் நல்லது?"ன்னு கேட்டா, இப்பவும் பதில் ரெடி: நடுத்தர எடைத் துப்பாக்கி, 9 மி.மீ., நல்ல ஹாலோ பாயின்ட், உங்க கைக்கு வர்ற ஸ்லைடு, மாசாமாசம் பயிற்சி. கணக்குல தப்பில்ல, வேணும்னா சரிபாத்துக்கோங்க. ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி அவரோட கடையில, கல்லாவுக்குப் பின்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாக்கணும்.

பி.கு: அந்த எக்செல்லை அழிக்கல. கடைசியா ஒரு காலம் சேர்த்தேன், "பின்னாடி யாரு?"ன்னு தலைப்பு. எல்லா வரிசையிலயும் காலியாத்தான் இருக்கு. உங்க வீட்டு மாமா கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லிருப்பீங்க? திட்டறதா இருந்தாலும் பின்னூட்டத்துல திட்டிட்டுப் போங்க.